இலைக்குப்பை அக்கா

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் காலிஃபிளவர் வாங்குகிறவர்கள் இலையை ஒடித்துப் போட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். எதிர் வீட்டு அக்கா பூவைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, மற்றவர்கள் ஒடித்துப் போட்ட இலையையும் குனிந்து அள்ளிப் பையில் திணித்துக்கொள்வார். வீட்டில் எத்தனை ஆடு இருக்கிறது என்று கடைக்காரர் வங்காளத்தில் கேட்பார். "ஆடு இல்லய்யா, ஆட்டை விட மோசமா திங்குத ஒண்ணு கெடக்கு" என்று அக்கா தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு நடப்பார். கூடப் போகிற எனக்கு மானம் போகும். முதல் ஒரு வருஷம் போனது. அப்புறம் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, நானும் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. எதிர்க் கதவு திறந்தது.

"ஏட்டி, கல்யாண வீட்டுல வாழையெல நெறைய விழும்லா. வரும்போது ஒரு சாக்குல போட்டுக் கொண்டா."

"எச்சில் இலையவா? இந்தப் பட்டுப்புடவையோட? டாக்ஸிக்காரன் என்னை நடு ரோட்டுல எறக்கி விட்ருவான் அக்கா."

"எச்சி வேண்டாம்டி. நறுக்கிப் போட்ட நுனி, காம்பு, அது போதும்."

கொண்டு வந்தேனா என்று கேட்காதீர்கள். கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்து யாரோ வேற்று ஆள் மாதிரி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்கு பாங்கில் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, மதுரையிலிருந்து போய் இறங்கிய எங்களுக்கு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீட்டின் மாடியில் பாதி கிடைத்தது. கீழே வீட்டுச் சொந்தக்காரர். அந்த அம்மாளை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அங்கே அண்ணிக்கு அதுதான் வார்த்தை. மாடியின் மறுபாதியில் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடு. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்பேன். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் பெரிய வேலையில் இருந்தவர். நாங்கள் போவதற்கு முன்பே பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய், கட்டிலோடு ஆகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை.

கட்டில் பின்பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பௌதியின் கொல்லையில் நின்ற பாதாம் மரம். நாம் நாட்டு வாதாம் என்போமே, அது. உள்ளங்கையை விடப் பெரிய இலை. கிளி வரும், அணில் வரும், காக்கையும் கரிச்சானும் சண்டை போடும். அண்ணாச்சி இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கிளி வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது சிரிப்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது. அந்த மரம் இல்லையென்றால் அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழாய்தான்.

அக்காவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது. கல்கத்தாவில் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயா வைப்பது வழக்கம். அதற்கென்றே சென்டர்கள் உண்டு, பணம் கட்டினால் ஆள் வரும். எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

"எதுக்கு? எவளோ ஒருத்தி மூக்கப் பொத்திக்கிட்டு அவுகளத் தொடைக்கணுமா? அவுகளுக்கு வாய்தான் போச்சு, ரோஷம் போகல" என்றார்.

அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. குளிப்பாட்டுவது, சட்டி வைப்பது, எல்லாம் அவரே. அந்த வீட்டுக்குள் போனால் டெட்டாலும் விபூதியும் மணக்குமே தவிர ஒரு நாள்கூட வேறு வாடை அடித்ததில்லை. இப்படிப்பட்டவர் ஒன்றே ஒன்றுக்குத்தான் மூக்கைச் சுளிப்பார். மீன். கீழே பௌதி எண்ணெயில் மீனைப் போட்டால் போதும், மாடியில் படார் படார் என்று ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். அண்ணாச்சியின் ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். அதன் பக்கத்தில் அக்கா முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டு நிற்பார். பௌதிக்கு இதில் மனத்தாங்கல். "நாங்கள் சாப்பிடுவது என்ன சாக்கடையா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் அயிரை மீன் குழம்பில் வளர்ந்தவள், நான் என்ன பதில் சொல்ல?

தகராறு இலையில்தான் ஆரம்பித்தது. காலையில் விசில் ஊதிக்கொண்டு வருகிற கைவண்டிக்காரர் அடுப்படிக் குப்பையை வாங்கிக்கொள்வார். இலை தழையைத் தொட மாட்டார். அதற்குத் தனியாக ஒரு சைக்கிள் வேன்காரர். மூட்டை கட்டிக் கொண்டுபோக அவருக்குக் கூலி. பௌதி அதை மூன்று வீட்டுக்கும் பிரித்துவிடுவார். பாதாம் மரமோ வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் உதிர்க்கிற மரம். மூட்டை கூடக் கூட வேன்காரரும் கூலியைக் கூட்டினார். கொடுக்கத் தாமதமானால் இலை சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் பௌதி படிக்கட்டில் நின்று அறிவித்துவிட்டார்: மரத்தை வெட்டப் போகிறேன், ஆள் பார்த்தாயிற்று.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி பெயரை எடுக்கவே இல்லை. வேறு எங்கிருந்தோ பிடித்தார்.

"பௌதி, குளிர் காலத்துல சாமந்தித் தொட்டிக்குன்னு நர்சரிலேருந்து மூட்டை மூட்டையா எரு வாங்குதீகளே, அது என்ன எரு?"

சந்திரமல்லிகா என்றும் டேலியா என்றும் குளிர்காலத்தில் தொட்டி வைக்காத வங்காளி வீடு உண்டா? அந்த எருவும் இலை மக்கிய எருதான். அக்காவின் தமிழையும் அரைகுறை வங்காளத்தையும் நான் சேர்த்துத் தைத்துச் சொன்னேன். பௌதி, "அதற்கென்ன?" என்றார்.

"நம்ம எலையக் கொண்டு போக ஒருத்தனுக்குக் காசு. அதையே மக்க வச்சுத் திருப்பிக் கொண்டு வர இன்னொருத்தனுக்குக் காசு. கோட்டியா புடிச்சிருக்கு நமக்கு? எலைய எங்கிட்ட விடுங்க. ஒரு பைசா செலவில்லாம நான் பாத்துக்கிடுதேன்."

பௌதிக்கு இது பிடித்துவிட்டது. காசு மிச்சம் என்றால் யாருக்குப் பிடிக்காது? அண்ணாச்சியைப் பார்க்க அடுத்த தடவை ஊரிலிருந்து வந்த மைத்துனரிடம் முன்கூட்டியே சொல்லி, அக்கா ரயிலில் ஒரு மண்வெட்டியை வரவழைத்தார். கல்கத்தாவில் மண்வெட்டி கிடைக்காதா என்றால் கிடைக்கும். அக்காவுக்கு ஊர்ப் பிடிதான் கைக்கு வாகு. கொல்லை மூலையில் இடுப்பளவு குழி வெட்டினோம். நானும் கூட நின்று மண் அள்ளினேன். இலை, காய்த்தோல், புளிச்சக்கை, அரிசி கழுவின தண்ணீர், புளித்த மோர் எல்லாம் குழிக்குள் போயின.

குப்பை என்றால் குழி. எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் அதுதான் இருந்தது. நாங்கள் வளர்ந்த சீமையில் மண் தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். குழிக்குள் போட்டால்தான் ஈரம் நிற்கும். கல்கத்தாவில் கொஞ்சம் தோண்டினாலே கீழேயிருந்து தண்ணீர் எட்டிப் பார்க்கும் என்பதை மழைக்காலம் வந்துதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரே ராத்திரி மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். குழி அப்படியே பொங்கி மேலே வந்து, கறுப்பாக, நுரையோடு, கொல்லைக் கதவு வழியாகப் பௌதியின் வீட்டுக்குள் நடந்து போய்விட்டது. யார் வீட்டுக் குப்பையோ என்று மழுப்பவும் முடியாது. புளிச்சக்கையும் கறிவேப்பிலையுமாக மிதந்து போய் அவருடைய பூஜை அறையில் லட்சுமி படத்துக்கு முன்னால் நின்றது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பௌதி கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு அழுதார்.

தண்ணீர் வடிந்ததும் அக்கா கீழே போனார். பௌதி வேண்டாம் என்று கத்தக் கத்த, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பூஜை அறையிலிருந்து வாசல் வரை அவரே தேய்த்துக் கழுவினார். எல்லாம் முடிந்ததும் பௌதி சொன்ன தீர்ப்பு இதுதான்: சரஸ்வதி பூஜை வரை தவணை, அங்கே அது தை மாசத்தில் வரும். அதற்குள் குளிர்கால இலை அத்தனையும் உதிர்ந்துவிடும். அதில் ஒன்றுகூடச் சாக்கடைக்குப் போகக்கூடாது, வேன்காரருக்கும் போகக்கூடாது, கொல்லை நாறவும் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பூஜையன்றைக்கே மரம் விழும்.

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்தார். அண்ணாச்சிக்குக் கஞ்சி ஊட்டினார். அப்புறம் என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "குழி வெட்டினது தப்பு. இந்த ஊருல எதுவும் மேலதான் நிக்கணும்" என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

துர்க்கா பூஜை முடிந்து தெருமுனைப் பந்தலைப் பிரித்தபோது, அக்கா மாடி ஜன்னலிலிருந்தே பந்தல்காரர்களைக் கூப்பிட்டு உடைந்த மூங்கிலை எல்லாம் கேட்டு வாங்கிவிட்டார். அதை வரிச்சு வரிச்சாகக் கட்டி, செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, காற்றுப் போகிற மாதிரி ஆளுயரக் கூடு ஒன்று செய்தோம். என் வீட்டுக்காரர் முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்துவிட்டது, அக்கா திரும்பப் போட்டார்.

இலை உதிர ஆரம்பித்தது. சிவப்பு சிவப்பாக, தோல் மாதிரி தடித்த இலை. அப்படியே போட்டால் மக்காது, நொறுங்க வேண்டும். அக்கா வெயிலில் பரப்பி வைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறி மிதிப்பார். ஐம்பது வயது மனுஷி, மொறுக் மொறுக் என்று குதிப்பார். மாடி ஜன்னலிலிருந்து அந்தத் தொண்டைச் சிரிப்பு வரும். "பாத்தியாட்டி, அவுகளுக்கு நான் ஆடுததப் பாத்தா நக்கலா இருக்கு" என்று மேலே பார்த்துக்கொண்டே இன்னும் ரெண்டு குதி குதிப்பார். சண்டைக்காரி அக்காவை நான் தினமும் பார்த்தேன். இந்த அக்காவை அந்தக் கொல்லையில்தான் பார்த்தேன்.

ஆனால் கூடு நிறைந்ததே தவிர இறங்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்த அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"மக்குனா சுடணும்லா, சூடே இல்லட்டி. அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு. இனி விழுத எலைக்கு எடம் ஏது?"

எங்கள் இரண்டு வீட்டுக் காய்த்தோல் அந்த இலை மலைக்கு எந்த மூலைக்கு? காலிஃபிளவர் இலை பொறுக்க ஆரம்பித்தது அப்போதுதான். சாணி கேட்டால் விலை சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கினால் பௌதியிடம் சொன்ன வாக்கு போச்சு.

"ஏட்டி, இந்த வீட்டுலயே சீக்கிரமா அழுகுத சாமான் எதுன்னு சொல்லு பாப்போம்."

"மாசக் கடைசியில என் வீட்டுக்காரர் மூஞ்சி."

அக்கா சிரிக்கவில்லை. "மீனு" என்றார். சொல்லும்போதே எச்சிலை விழுங்கினார்.

அதற்குப் பிறகு சில நாள் அந்தப் பேச்சே இல்லை. ஒரு காலை என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். பௌதி அடுப்படித் தரையில் அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அக்கா அந்த வாசலை மிதித்ததே இல்லை. பௌதி நிமிர்ந்து பார்த்து, "வாடை வருதா தீதி? ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றார். தீதி என்றால் அங்கே அக்கா. ஆனால் குரலில் குத்தல் இருந்தது.

அக்கா தட்டில் கிடந்த செதிலையும் குடலையும் காட்டி, "ஏட்டா ஆமாக்கே தாவ்" என்றார். இதை எனக்குக் கொடு. பௌதி அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தீதிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிற பார்வை.

"குப்பைக்கு. எலை மக்கணும்" என்றார் அக்கா.

"நீங்களா தொடுவீங்க? கையால?"

அக்கா குனிந்து தட்டைத் தூக்கிக்கொண்டார். நான் எடுக்கிறேன் என்று கையை நீட்டினேன், தரவில்லை. முந்தானையால் மூக்கை மூடவும் இல்லை. கொல்லைக்குப் போகிற அந்த நாலடிக்குள் கண்ணில் தண்ணீர் முட்டி, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. கூட்டின் நடுவில் பள்ளம் பறித்து அதைக் கொட்டி, மேலே இலையை அள்ளி அள்ளிப் போட்டு மூடினார். மூடி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, தட்டைக் கழுவிக் கொண்டுவந்து பௌதியின் முன்னால் வைத்தார்.

"நாளைக்கும் வேணும்" என்றார்.

அவர் மாடியேறிப் போன பிறகு பௌதி வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேலே ஜன்னல்ல இருக்காரே, அவருக்காகவா?" என்று கேட்டார்.

"நீங்க போய்க் கேட்டுப் பாருங்க. காசு மிச்சம்னுதான் சொல்வாங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து பௌதி தன் வீட்டு மீன் கழிவோடு பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு வாங்கி வைக்க ஆரம்பித்தார். பூனை வராமலிருக்கக் கூட்டின் மேல் சாக்கைப் போட்டுச் செங்கலும் வைத்தார். தை பிறந்தபோது காலையில் மண்வெட்டியால் கிளறினால் ஆவி பறந்தது. ஆளுயரக் கூடு இடுப்பளவு இறங்கி, விழுகிற இலைக்கெல்லாம் இடம் கொடுத்தது. நாற்றமா? மழை பெய்து ஓய்ந்த தரை வாசனைதான். அக்கா ஒரு பிடி எடுத்துப் போவோர் வருவோர் மூக்கிலெல்லாம் நீட்டினார். "மோந்து பாரு, மோந்து பாரு" என்று என் பின்னாலேயே மாடி வரைக்கும் வந்தார். "என்னக்கா, அத்தரா?" என்று நான் ஓடினேன்.

சரஸ்வதி பூஜையன்றைக்கு மரம் வெட்டுகிறவர் கோடரியோடு வந்து நின்றார். பௌதி கொல்லைக்குப் போய் ஒரு பிடி எருவை எடுத்துப் பார்த்தார். அப்புறம் மாடி ஜன்னலைப் பார்த்தார். வந்தவருக்குப் பூஜைக் கிச்சடியை வயிறு நிறையப் போட்டு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அக்கா அண்ணாச்சியின் கட்டிலில், கால்மாட்டில், சும்மா உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கொல்லையிலிருந்து இலை மூட்டை வெளியே போனதில்லை. பௌதியின் சந்திரமல்லிகா தட்டு அளவுக்குப் பூத்தது. எங்களுக்கு மாற்றல் வந்தபோது என் வீட்டுக்காரர் மட்டும் போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார், பிள்ளைகள் படிப்பு என்று சாக்குச் சொல்லி நான் அங்கேயே இருந்துவிட்டேன். கல்கத்தா கொல்கத்தாவாகி, பௌதியின் மகன் சம்பாதிக்க ஆரம்பித்து, கார் வாங்கினால் கொல்லையில் நிறுத்தலாம் என்று பேச ஆரம்பித்த வருஷத்தில் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் முகம் துடைக்கப் போனபோது ஜன்னல் கம்பியில் கை இருந்ததாம், உயிர் இல்லையாம். காளிகாட் பக்கத்தில் கொண்டுபோய் எரித்தார்கள். மைத்துனரும் உறவுக்காரர்களும் வந்து காரியமெல்லாம் முடித்து, கூட வந்துவிடு என்று அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்து, மெதுவாக வருகிறேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு ரயிலேறினார்கள்.

அவர்கள் போன மறுநாள் பௌதி மாடிக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விரலைத் திருகிக்கொண்டே, மகன் கார் விஷயமாகப் பிடிவாதம் பிடிக்கிறான் என்றார். உங்களைக் கேட்காமல் மரத்தைத் தொட மாட்டேன் என்றும் சொன்னார்.

அக்கா காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிக்கிடச் சொல்லு" என்றார் என்னிடம். "எனக்கு அந்த மரமும் வேண்டாம், எருவும் வேண்டாம். காசு மிச்சம் காசு மிச்சம்னு ஊரை ஏமாத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அவுக பாத்துக்கிட்டு இருந்தாக, அதுக்குத்தான் அம்புட்டும். இனி யாரு பாக்கப் போறா?"

அத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். நான் வங்காளத்தில் சொன்னேன், பாதியில் அழுதுவிட்டேன். ஆனால் பௌதிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. விருட்டென்று எழுந்து கீழே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பிப் படியேறி வந்தார். கையில் மீன் கழிவுத் தட்டு. அதோடு அந்த வீட்டுக்குள் வரலாமோ கூடாதோ என்று வாசற்படியிலேயே நின்றார்.

"வேண்டாம்னா எப்படி தீதி? காலையிலேருந்து கிடக்கு, நான் எங்க போய்க் கொட்டுவேன்? நீங்க கீழ வராத இத்தனை நாளா நானும் இவளும் ஏதோ கிளறினோம், நாறுது. என் பூச்செடிக்கு யார் எரு போடுவாங்க? மறுபடியும் அந்த வேன்காரனுக்குக் காசு குடுக்கச் சொல்றீங்களா? கார் தெருவுல நிக்கட்டும். வாங்க!" என்று சண்டை போடுகிற குரலில் கத்தினார். கத்திக்கொண்டே அழுதார்.

அக்கா எழுந்தார். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, போய்த் தட்டை வாங்கினார்.

"நாறத்தான் செய்யும். காஞ்ச எலை போட்டு மூடினாத்தான. ரெண்டு பேரும் என்னத்தக் கிளறுனீகளோ" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கியவர், இரண்டாவது படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, கதவப் பூட்டிட்டு வா."

நான் உள்ளே போய் ஆணி, அலமாரி, சாமி மாடம், அடுப்படி எல்லா இடத்திலும் தேடினேன். பூட்டு இல்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கும் நினைவு வரவில்லை. உள்ளே எப்போதும் அண்ணாச்சி இருந்ததால் அந்த வீட்டைப் பூட்ட வேண்டியே வந்ததில்லை.